பத்தாவது பிள்ளை: பாலக்காடு, இடுக்கி எல்லைத் தமிழரின் பள்ளித் தேர்வு பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் நடத்திய போராட்டம், போனஸ் குறைப்புக்கும் 232 ரூபாய் நாட்கூலிக்கும் எதிரான போராட்டமாகவே பெரும்பாலும் பதிவாகியிருக்கிறது. அப்போராட்டத்தில் ஒலித்த முழக்கமொன்று கல்வி வரலாற்று மாணவர்கள் நின்று கவனிக்க வேண்டியது. தொழிற்சங்கத் தலைவர்களை நோக்கி எழுந்த அம்முழக்கம், இருவகை வாழ்க்கைகளை இணை இணையாக அடுக்கிக் காட்டியது. கொழுந்துக் கூடை எங்களுக்கு, பணக்கூடை உங்களுக்கு. உடைந்த லயம் எங்களுக்கு, பங்களா உங்களுக்கு என்ற பொருளில் நீண்ட அவ்வரிசையில், தமிழ்வழிப் படிப்பு எங்களுக்கு, ஆங்கிலவழிப் படிப்பு உங்களுக்கு என்ற இணையும் இருந்தது.

தாய்மொழியில் கல்வி பெறுவது மொழிச் சிறுபான்மையரின் உரிமை என்று அரசியலமைப்பு கூறுகிறது. அவ்வுரிமையை அனுபவிப்பவர்களே அதை உடைந்த லயத்தோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணியது எதனால்? எல்லைப் பகுதிப் பெற்றோர் அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா என்று எடைபோடுவதைப் பற்றி எழுதுவோர் பலரும் இக்கேள்வியைக் கடந்து சென்றுவிடுகின்றனர். தரம், வசதி, சமூக மதிப்பு ஆகியவை பேசப்படுகின்றன. உரிமையின் வடிவம் பேசப்படுவதில்லை.

முதலில் ‘தனியார்’ என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை, தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்கும் முறையை வகுத்தது. பாலக்காட்டின் விக்டோரியா கல்லூரி 1866இல் உள்ளூர் வரிப்பணத்தில் நடந்த பள்ளியாகத் தொடங்கியது. அரசு, ஊரார், தனியார் என்ற மூன்று கைகளும் தொடக்கம் முதலே பின்னிக் கிடந்தன. ஜோசப் முண்டசேரி கல்வி அமைச்சராக இருந்தபோது 1957இல் கொண்டுவரப்பட்டு, உச்ச நீதிமன்றத்தின் கருத்துரைக்குப் பின் 1959இல் நடைமுறைக்கு வந்த கேரளக் கல்விச் சட்டம் இப்பின்னலுக்கு நிலையான வடிவம் தந்தது. உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியரை நியமிப்பவர் மேலாளர். ஊதியம் தருவது அரசு. இன்று கேரளத்தின் பொதுக்கல்விப் பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை உதவிபெறும் பள்ளிகளே. ஆகவே இப்பகுதிப் பெற்றோர் ‘தனியார் பள்ளி’ என்று சொல்லும்போது உரிமையாளர் யார் என்பதைக் குறிப்பதில்லை. கட்டணம் வாங்கும் ஆங்கிலவழிப் பள்ளியையே குறிக்கின்றனர். அவர்கள் எடைபோடுவது பயிற்றுமொழியை.

இவ்விரு எல்லைப் பகுதிகளின் வரலாறும் ஒன்றன்று. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயில், கோயம்புத்தூர்ச் சமவெளியின் தொடர்ச்சி. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி ஊர்களில் தமிழ் பேசும் உழவரும் கூலியாட்களும் தலைமுறைகளாக வாழ்கின்றனர். சித்தூர் வட்டம் கொச்சி அரசின் கீழும், அதையடுத்த பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்திலும் இருந்தன. ஆட்சிக்கோடு நடுவே ஓடினும் சந்தையும் திருமண உறவும் பொள்ளாச்சிப் பக்கமே நீண்டன.

இடுக்கியின் கதை வேறு. 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பெற்ற பின், தோட்டங்களுக்காகத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியாக மக்கள் மலையேற்றப்பட்டனர். அவர்களுடைய வீடும் மருத்துவமும் பள்ளியும் தோட்டத்தின் கையில் இருந்தன. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும், 6 முதல் 12 வயதுவரையுள்ள தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்துதர வேண்டுமென முதலாளிகளைப் பணிக்கும் விதிகளை மாநில அரசு வகுக்கலாம் என்றே கூறிற்று. பள்ளி இருப்பதும் இல்லாததும் தலைக்கணக்கைப் பொறுத்தது என்னும் முறையை இம்மக்கள் இங்கேயே முதலில் சந்திக்கின்றனர்.

மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1955இல் அறிக்கை அளித்த மாநில மறுசீரமைப்பு ஆணையம், தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மையாக இருப்பதை மறுக்கவில்லை. ஆயினும் அவர்களுள் பெரும்பகுதியினர் வந்துபோகும் தோட்டத் தொழிலாளர் என்பதைக் காரணமாகக் கொண்டது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரியின் நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்குச் சென்றன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. மலபாரோடு பாலக்காடும் கேரளத்தில் சேர்ந்தது.

இப்படிக் கோட்டின் மறுபுறம் நின்றுவிட்டோருக்காகவே அதே ஆண்டு ஏழாவது திருத்தத்தின் மூலம் 350அ பிரிவு அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. அதன் இரு சொற்கள் முக்கியமானவை. மொழிச் சிறுபான்மையர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்ய மாநிலம் ‘முயல’ வேண்டும். அம்முயற்சி ‘தொடக்கநிலை’க்கு உரியது. இதற்கான அளவுகோல் முன்பே வந்துவிட்டது. 1949இல் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, ஒரு பள்ளியில் 40 பிள்ளைகளோ ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ இருந்தால் அவர்தம் மொழியில் கற்பிக்க ஆசிரியர் அமர்த்தப்பட வேண்டும் என்று வகுத்திருந்தது. தாய்மொழிக் கல்வி எனும் உரிமை, ஒரு பிள்ளைக்குத் தனியாகக் கிடைப்பதன்று. மற்ற ஒன்பது பிள்ளைகள் உடனிருந்தால் கிடைப்பது.

கேரளம் இவ்வுரிமையைப் புறக்கணித்தது என்று சொல்வது நியாயமாகாது. பாடநூல்கள் தமிழில் அச்சாகின்றன. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை மலையாளம், ஆங்கிலம், கன்னடம் ஆகியவற்றோடு தமிழிலும் எழுதலாம். 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையருக்கு அரசோடு தம் மொழியில் தொடர்புகொள்ள இடமளித்தது. தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர் பணிக்கும், தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர் பணிக்கும் அரசுப் பணியாளர் தேர்வாணையம் தனியே ஆள் எடுக்கிறது. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழைப் பட்டப்படிப்பாகப் பயிலலாம். பிற மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது சிறிய ஏற்பாடன்று.

முறிவு பத்தாம் வகுப்புக்குப் பின் நேர்கிறது. மேல்நிலை வகுப்புகளில் தமிழை ஒரு மொழிப்பாடமாகத் தொடரலாம். இயற்பியலும் கணக்கியலும் ஆங்கில நூல்களில்தான் காத்திருக்கின்றன. முன்பும் பிரீ-டிகிரி ஆங்கிலத்தில்தான் இருந்தது. அப்போது தோட்டப் பிள்ளைகளுள் பத்தாம் வகுப்பைத் தாண்டியோர் சிலரே. மற்றவர்களுக்குப் படிப்பு முடிந்த இடத்தில் தமிழ்வழியும் முடிந்தது. பிரீ-டிகிரி கல்லூரிகளிலிருந்து பிரிக்கப்பட்டு, பன்னிரண்டாம் வகுப்பு பள்ளியின் இயல்பான முடிவாக மாறிய பிறகே இம்முறிவு ஒவ்வொரு குடும்பத்தின் அனுபவமாயிற்று. கல்வி பரவியதால் பள்ளம் வெளிப்பட்டது.

பெற்றோரின் கணக்கை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். நாளுக்கு 232 ரூபாய் வீதம் மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் 5,800 ரூபாய். போராட்டத்துக்குப் பின் வந்த 301 ரூபாயில் கணக்கிட்டாலும் 7,525 ரூபாய். இதிலிருந்து பள்ளிக் கட்டணமும் வண்டிச் செலவும் எடுப்பதைப் போலி மதிப்புக்கான ஆசை என்று நகர்ப்புறத்திலிருந்து சொல்வது எளிது. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். ஓய்வு பெறுபவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அல்லது குடும்பத்தில் ஒருவர் வேலைக்கு ஏற வேண்டும். தாய் கூடையை இறக்கும் நாளில் மகளோ மருமகளோ அதைத் தூக்காதிருக்க வேண்டுமானால், வெளியே ஒரு வேலை வேண்டும். ஆங்கிலவழிக் கல்வியை அக்குடும்பம் வீட்டுரிமையோடு சேர்த்தே எண்ணுகிறது. அம்முழக்கத்தில் லயமும் தமிழ்வழியும் அடுத்தடுத்து நின்றது தற்செயலாகத் தோன்றவில்லை.

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் மூன்றாவது வழியொன்றும் உண்டு: எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் படிப்பது. தமிழ்நாடு தமிழ்வழியின் மேல்முனையில் சில படிகளைக் கட்டியுள்ளது. 2010இல் தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப்பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை தரப்பட்டது. 2020இல் அது பள்ளிப் படிப்பையும் தமிழ்வழியில் முடித்தோருக்கே என்று இறுக்கப்பட்டது. அதே 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. அங்கும் பெற்றோர் ஆங்கிலவழியை நாடுகின்றனர் என்பது உண்மையே. ஆயினும் தமிழ்வழியைத் தேர்வோர்க்கு ஏதோ ஒரு வாசல் திறந்திருக்கிறது. எல்லை தாண்டும் பிள்ளைக்கு வேறு சிக்கல்: மலையாளம் படிக்காமல் திரும்பினால், தான் குடியிருக்கும் மாநிலத்தின் அலுவலகத்தில் அது அயலானாகிறது.

சட்டம் இதற்கிடையே வேறொரு திசையில் நகர்ந்தது. 2014 மே 6 அன்று, கர்நாடக அரசு தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, தொடக்கநிலையில் தாய்மொழியைப் பயிற்றுமொழியாக அரசு கட்டாயப்படுத்த முடியாது என்றும், பிள்ளையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரே தீர்மானிப்பர் என்றும் கூறியது. கேரளத்தில் 2017இல் தொடங்கிய பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் அரசுப் பள்ளிகளின் கட்டடத்தையும் கருவிகளையும் மேம்படுத்தியது. அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே ஆங்கிலவழிப் பிரிவுகளும் பெருகின. கட்டணமின்றி ஆங்கிலம் கிடைத்ததால் ஏழைப் பெற்றோருக்கு இது நன்மையே. அரசா, தனியாரா என்ற கேள்வி பல ஊர்களில் இதனால் மழுங்கியது. தமிழ்ப் பிரிவுக்கான போட்டியோ அடுத்த ஊரிலிருந்து பக்கத்து அறைக்கு வந்துவிட்டது.

இருவகைச் சட்டத் தருக்கங்கள் இங்கே மோதுகின்றன. தேர்வு தனிமனிதருடையது, ஒவ்வொரு பெற்றோரும் தம் பிள்ளைக்காக மட்டும் முடிவெடுக்கலாம். தாய்மொழிக் கல்வியோ கூட்டு எண்ணிக்கையைச் சார்ந்தது. கேரளப் பள்ளிகளில் கல்வியாண்டின் ஆறாவது வேலைநாளில் எடுக்கப்படும் தலைக்கணக்கே பிரிவுகளையும் ஆசிரியர் பணியிடங்களையும் தீர்மானிக்கிறது. பத்தாவது பிள்ளை வேறு பிரிவுக்குப் போனால், கட்டணம் செலுத்த இயலாததாலோ தாமே விரும்பியோ தமிழ்வழியில் இருக்கும் ஒன்பது பேரின் உரிமை தளர்கிறது. பத்தாவது பிள்ளையின் பெற்றோர் தவறு செய்யவில்லை. ஒன்பது பேரும் தவறு செய்யவில்லை. ஓர் உரிமையின் பாரத்தை அண்டை வீட்டாரின் முடிவின்மேல் ஏற்றி வைத்த விதிதான் குறையுடையது.

இது கேரளத்துக்கு மட்டும் உரிய குறையுமன்று. தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் படிப்படியாகத் தமிழைக் கட்டாயமாக்கியபோது கன்னியாகுமரியின் மலையாள மாணவரும் ஓசூர்ப் பகுதியின் தெலுங்கு மாணவரும் இதே சுமையைச் சுமந்தனர். 2017இல் கேரளம் மலையாளத்தைக் கட்டாயமாக்கியபோது காசர்கோட்டுக் கன்னடர் எதிர்த்தனர். ஒரு கரையில் சிறுபான்மை உரிமை பேசுவோர் மறுகரையில் பெரும்பான்மைச் சட்டத்தை வரவேற்கும் காட்சி நமக்குப் புதிதன்று.

இலங்கை மலையகம் ஒப்பிடத்தக்க சான்று. அங்கும் தோட்டம், லயம், தோட்டப் பள்ளி என்ற இதே அமைப்புத்தான். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானதைத் தொடர்ந்தே அப்பள்ளிகள் அரசின் கைக்கு மாறின. அவை நெடுங்காலம் மிகப் பின்தங்கியே கிடந்தன. ஆயினும் அங்கே உயர்தரத் தேர்வைத் தமிழில் எழுதிப் பல்கலைக்கழகம் புகலாம். தமிழ்வழியில் படித்த தோட்டப் பிள்ளைகளிலிருந்து ஆசிரியர் வகுப்பொன்று உருவானது. மொழி அதே மொழி. அது எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதே வேறுபாடு.

மொழியியல் பயின்றவர்கள் தொடக்கக் கல்வி தாய்மொழியில் அமைவதன் நன்மையை வலியுறுத்துகிறோம். அது சரியே, எழுத்தறிவின் முதல் ஆண்டுகளில் பிள்ளை அறிந்த மொழியே உறுதியான நிலம். ஆனால் அந்த நன்மையை ஐந்து வயதில் பெற்று, பதினாறு வயதில் அதற்கு விலை கொடுக்கும்படி ஒரு குடும்பத்தைக் கேட்டுக்கொண்டு, மறுப்போரிடம் மொழிப்பற்று இல்லை என்று பழிப்பது ஆய்வாளருக்கு அழகன்று. தாய்மொழிக் கல்வியின் பயனைச் சொல்பவர், அக்கல்வி முடியும் இடத்தையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்.

செய்யக்கூடியவை எட்டாத தொலைவில் இல்லை. தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு முடித்தோருக்குப் பதினொன்றாம் வகுப்பின் தொடக்கத்தில் ஆங்கிலக் கலைச்சொற்களையும் பாடநூல் நடையையும் பழக்கும் பாலப்படிப்பு வேண்டும். தமிழ்வழிப் பிரிவிலேயே ஆங்கிலமும் மலையாளமும் மொழிப்பாடங்களாகத் திறம்படக் கற்பிக்கப்பட வேண்டும். அவை கிடைக்குமானால் பிரிவு மாற வேண்டிய தேவை பலருக்கு இராது. மொழிச் சிறுபான்மைப் பிரிவுகளின் ஆசிரியர் பணியிடங்களை ஓராண்டுத் தலைக்கணக்கிலிருந்து விடுவித்து, சில ஆண்டுகளுக்கேனும் உறுதிசெய்ய வேண்டும். சித்தூரிலும் தேவிகுளத்திலும் களஆய்வு செய்யும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பெற்றோரிடம் ஏன் ஆங்கிலவழியைத் தேர்ந்தீர்கள் என்று கேட்கும் வினாத்தாளோடு நின்றுவிடாதீர்கள். தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் என்ன ஆனார்கள் என்பதை ஊர் ஊராகத் தொகுத்துப் பாருங்கள். பெற்றோர் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றனர்.