பிரெஞ்சுச் சீட்டாட்ட மேசையும் எமது கடலும்

பிரான்சில் செய்யப்பட்ட பழைய சீட்டாட்ட மேசைகளை ஐரோப்பிய அரும்பொருட் காட்சிச்சாலைகளில் இன்றும் காணலாம். ஆட்டம் இல்லாத வேளையில் அவற்றை இரண்டாக மடித்துச் சுவரோரம் வைப்பார்கள். மேற்பலகையைத் திருப்பி விரித்தால் பச்சைக் கம்பளித் துணி ஒட்டிய ஆட்டக்களம் தோன்றும். மடித்த நிலையில் மேற்புறம் முழுவதும் பித்தளைக் கொடிகளும் பூக்களும் செந்நிற ஓட்டின் நடுவே பதிக்கப்பட்டுப் பளபளக்கும். பேசாலைப் பெண்களாகிய எமக்கும் இம்மேசைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். அதற்கு வேண்டிய மரமும் ஓடும் சென்ற கடல்வழியில்தான் எமது மன்னார்த் தீவு இருக்கிறது.

இவ்வேலைப்பாட்டுக்குப் புகழ் தேடித்தந்தவர் அந்திரே-சார்ல் பூல் (1642–1732). பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர் 1672இல் அவருக்கு லூவர் அரண்மனையில் இருப்பிடம் அளித்தார். ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மெல்லிய வாளால் ஒரே கோலத்தில் அறுப்பார்கள். பின்னர் பிரித்து, ஓட்டில் விழுந்த இடைவெளியில் பித்தளையையும், பித்தளையில் விழுந்த இடைவெளியில் ஓட்டையும் பொருத்துவார்கள். ஒரே அறுப்பில் இரண்டு கோலங்கள் கிடைத்தன, எதுவும் வீணாகவில்லை. ஓடு ஒளி ஊடுருவக்கூடியது. அதன் அடியில் செந்நிறம் பூசியதாலேயே மேசை சிவந்து தெரிந்தது. மூன்றாம் நெப்போலியன் ஆண்ட 1852–1870 காலத்தில் இப்பாணி மீண்டும் நாகரிகமாயிற்று. மடிப்புச் சீட்டாட்ட மேசைகள் பல அக்காலத்தவை.

பிரெஞ்சு மொழியில் உயர்தர மேசை, அலுமாரி செய்யும் தச்சரை 'எபெனிஸ்ட்' என்பர். 'எபென்' என்றால் கருங்காலி. ஒரு தொழிலுக்கே பெயர் கொடுத்த அம்மரத்தின் மிகச் சிறந்த வகைகளுள் ஒன்று இலங்கைக் கருங்காலி. எமது தீவுக்கு எதிரேயுள்ள பெருநிலப்பரப்பின் வறண்ட காடுகள் அதற்கு உகந்தவை. மெல்ல வளரும் மரம். அதன் வைரம் மட்டுமே கருமை. 1658இல் மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கறுவாவோடும் யானையோடும் கருங்காலியையும் விற்றார்கள். மொரீசியசு, மடகாஸ்கர் தீவுகளிலிருந்தும் ஐரோப்பாவுக்குக் கருங்காலி சென்றது. 19ஆம் நூற்றாண்டு மேசைகள் பலவற்றில் இருப்பதோ கருஞ்சாயம் ஏற்றிய பேரி மரம். ஆயினும் கருங்காலியைப் போலத் தோன்ற வேண்டும் என்பதே அந்தச் சாயத்தின் நோக்கம்.

ஓடு அழுங்காமையினுடையது. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' என்னும் கடல்வழி நூல், இலங்கையின் விளைபொருள்களாக முத்து, மணிக்கற்கள், மெல்லிய துணி என்பவற்றோடு ஆமையோட்டையும் சொல்கிறது. அது எடுக்கப்பட்ட விதம் கொடியது. இறந்த ஆமையின் ஓடு மங்கிவிடும் என்பதால், முட்டையிடக் கரையேறும் ஆமையைப் பிடித்து நெருப்பின் மேல் தொங்கவிட்டு, தகடுகள் கழன்றதும் கடலில் விட்டதாக எமர்சன் டெனன்ட் 1861இல் இலங்கை பற்றிய தமது நூலில் எழுதினார். இன்று எமது நாட்டில் கடலாமைகள் சட்டத்தால் பாதுகாக்கப்படுகின்றன. அழுங்காமை ஓட்டின் பன்னாட்டு வணிகம் 1977 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

சில மேசைகளில் சிப்பியோடும் பதிக்கப்பட்டிருக்கும். அது மன்னார் முத்துச் சிப்பியாக இருக்குமா? இருக்க வாய்ப்பில்லை. எமது குடாவின் சிப்பி சிறியது, ஓடும் மெல்லியது. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் மரிச்சுக்கட்டிக் கரையில் இறக்கப்பட்டன. முத்தை எடுத்தபின் எஞ்சிய ஓட்டுக்குப் பெரும் விலை இருக்கவில்லை. தட்டையாக அறுத்துப் பதிக்கப் பெரிய, தடித்த சிப்பிகளே வேண்டும்.

மேசையின் புகழ் பாரிசுத் தச்சருக்குச் சேர்ந்தது. மரம் வெட்டியவர், ஆமை பிடித்தவர் பெயர்கள் எங்கும் பதியப்படவில்லை. செய்தவரையே மறந்த கதையும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் எமது அயலவரான தச்சர்கள் செதுக்கிய கருங்காலிக் கதிரைகளை, இங்கிலாந்தில் ஹொரஸ் வால்போல் (1717–1797) போன்ற அறிஞர்கள்கூடத் தமது நாட்டுத் தியூடர் மன்னர் காலத்துப் பொருள்கள் என்று நம்பி வாங்கி வைத்தார்கள். பெயர் எழுதாத வேலைக்கு நேர்வது அதுதான்.

சீட்டாட்டம் எமது கரைக்கும் வந்தது. மேசை தேவைப்படவில்லை, பாய் போதும். நால்வர் கூடி ஆடும் '304' அதற்குச் சான்று. 30, 20, 11, 10, 3, 2 என ஓர் இனத்துக்கு 76 புள்ளிகள். நான்கு இனத்துக்கும் 304. 'கலாவரை', 'இஸ்கோப்பன்' என்ற சொற்கள் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை.

இம்மேசைகள் நாகரிகமாயிருந்த அதே காலத்தில் பிரான்சு எமக்கு அனுப்பியது வேறொன்று. 1847இல் அமலமரித் தியாகிகள் இலங்கைக்கு வந்தார்கள். 1862இல் போர்தோ நகரின் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்தார்கள். வடபுலத்துப் பெண்கல்வி வளர்ந்ததில் அவர்களின் பங்கு பெரிது. அவர்களை நாம் நினைவுகூருகிறோம். எமது வீட்டு முதிரை அலுமாரியைச் செய்த தச்சரை நினைவில் வைத்திருக்கிறோமா?

1990இல் எமது மக்கள் பலர் படகேறி இராமேசுவரக் கரைக்குப் போனபோது மேசை, கதிரைகளை விட்டே போனார்கள். திரும்பியவர்களுக்கு எல்லாம் கிடைக்கவில்லை. எஞ்சியவற்றையாவது எழுதி வைப்போம். எந்த மரம், யார் செய்தார், யாருடைய கலியாணத்துக்கு என்று மூன்று வரி போதும். ஒரு படத்தோடு சங்கத்திடம் கொடுங்கள். இவற்றைச் சொல்லக்கூடிய எமது மூத்த மாணவியர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அவர்களிடம் கேட்பதை அடுத்த விழாவரை தள்ளிவைக்க முடியாது.