சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு எந்தத் தமிழ்?



சிங்கப்பூரில் குடியேறிய நம் பிள்ளைகள் சிலர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். உயர்தமிழா, தமிழா, 'தமிழ் பி' பாடமா?" பதிலுக்கு முன் கொஞ்சம் வரலாறு.

கடையநல்லூரிலிருந்து போன முஸ்லிம் மக்கள் 1946-ல் அங்கே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். பின்னாளில் அது தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியானது. 1966 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயம் என்றானது. ஆனாலும் வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளையே நாடினார்கள். சேர்க்கை குறைந்து, 1982-ல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. தமிழ் பாடமாக நின்றது, பயிற்றுமொழியாக நிற்கவில்லை.

அடுத்து வீட்டிலும் மாற்றம் வந்தது. 2010 கணக்கெடுப்பில், அங்குள்ள இந்தியர் வீடுகளில் தமிழை ஆங்கிலம் முந்திவிட்டது. புத்தகத்தில் செந்தமிழ், வீட்டில் வேறு தமிழ் அல்லது ஆங்கிலம். பிள்ளை எதைப் பேசும்? அதனால்தான் 2005-ல் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழுக்கும் வகுப்பில் இடம் கேட்டது.

இது நமக்குப் புதிதல்ல. அய்யலூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் உண்டு. பேச்சு சரளமாக வரும். அந்த எழுத்து பலருக்குத் தெரியாது. காது பழகிய மொழி வேறு, கை பழகிய மொழி வேறு.

ஆகவே பெற்றோரே, மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். பிள்ளை பாட்டியிடம் தடையில்லாமல் பேசுகிறதா? ஒரு சிறுகதையைத் தானே வாசிக்கிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண்ணும் இடம் கொடுத்தால், உயர்தமிழ் எடுக்கட்டும். பேச்சு மட்டும் வருமானால் தமிழ்ப் பாடமே போதும். வாசிப்பை வீட்டில் வளருங்கள். இரண்டுமே சிரமம் என்றால் பள்ளியோடு பேசி 'தமிழ் பி' கேளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. தாங்க முடியாத பாடத்தைச் சுமத்தினால் பிள்ளை தமிழையே வெறுத்துவிடும். அந்த வெறுப்பைப் பிறகு எந்த ஆசிரியராலும் மாற்ற முடியாது.

எந்தப் பாடம் எடுத்தாலும், இரவுச் சாப்பாட்டு நேரம் தமிழிலேயே இருக்கட்டும். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பஸ் போர்டுகளைப் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், அய்யலூர்