ஒரு முத்து நீர்: வீடுகளில் காக்கப்பட்ட ஓர் அளவையின் வரலாறு

நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ நீரில் உளூச் செய்வார்கள். ஒரு ‘ஸாஉ’ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. நடுத்தர உடலமைப்புடைய ஒருவர் இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவே ஒரு முத்து. நான்கு முத்து சேர்ந்தால் ஒரு ஸாஉ. மதீனாவின் கணக்கில் ஒரு முத்து முக்கால் லிட்டருக்குள்ளும் ஒரு ஸாஉ மூன்று லிட்டருக்குள்ளும் அடங்கிவிடும்.

இந்த அளவு போதுமா என்னும் ஐயம் இன்று தோன்றியதன்று. குளிப்பைப் பற்றி வினவிய சிலரிடம் ஜாபிர் (ரலி) அவர்கள் ஒரு ஸாஉ போதும் என்றார்கள். தமக்கு அது போதாது என்றார் அங்கிருந்த ஒருவர். உம்மைவிட அதிக முடியுடையவராகவும் உம்மைவிடச் சிறந்தவராகவும் இருந்த ஒருவருக்கு அது போதுமானதாக இருந்ததே என்று ஜாபிர் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். இதனையும் புகாரீயில் காண்கிறோம்.

ஸாஉ என்பது ஏட்டில் மட்டும் வாழ்ந்த அளவன்று. ஃபித்ராவுக்குரிய தானியத்தை அளக்க மதீனாவின் வீடுகளில் அந்த மரக்கால் இருந்தது. அதன் கொள்ளளவு குறித்து இராக் அறிஞர்களுக்கும் மதீனா அறிஞர்களுக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுந்தது. எட்டு ராத்தல் என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). ஐந்தே கால் ராத்தலுக்குச் சற்று மேல், அதாவது ஐந்தும் மூன்றில் ஒரு பங்கும் என்பது மதீனாவாசிகளின் கூற்று.

அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தலைமாணவரான இமாம் அபூயூசுஃப் (ரஹ்) ஹஜ்ஜின்போது மதீனாவுக்குச் சென்று இதற்கு ஆதாரம் கேட்டார்கள். மறுநாள் காலை, முஹாஜிர்கள், அன்ஸார்களின் வழித்தோன்றல்களான ஏறத்தாழ 50 முதியவர்கள் வந்தனர். ஒவ்வொருவரின் மேலாடைக்குள்ளும் ஒரு ஸாஉ இருந்தது. இது நபியவர்களின் ஸாஉ என்று தம் தந்தையரும் குடும்பத்தாரும் சொல்லக் கேட்டதாக ஒவ்வொருவரும் அறிவித்தனர். அபூயூசுஃப் (ரஹ்) அவற்றை அளந்து பார்த்தார்கள், எல்லாம் ஒத்திருந்தன. இவ்விஷயத்தில் தம் ஆசிரியரின் கருத்தை விட்டு மதீனாவின் அளவை ஏற்றார்கள். இந்நிகழ்வை இமாம் பைஹகீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள்.

எளிய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிய ஒரு பாத்திரம், பேரறிஞர் ஒருவரின் தீர்ப்பையே மாற்றியது. எட்டு ராத்தல் கணக்கை ஏற்றாலும் ஒரு முத்து ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். மத்ஹபுகளின் வேறுபாடு ஒரு குவளைக்குள் அடங்கிவிடுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பின்வந்த அறிஞர்களும் இவ்வெல்லையைக் காத்தனர். கடற்கரையில் இருந்தாலும் நீரை விரயம் செய்வது தடுக்கப்பட்டது என்பதில் அறிஞர்கள் ஒருமித்துள்ளனர் என்று ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) எழுதினார்கள். 16ஆம் நூற்றாண்டில் மலபாரின் பொன்னானியில் ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) இயற்றிய ஃபத்ஹுல் முயீன், நம் ஷாஃபிஈ மத்ரஸாக்களில் இன்றும் பாடநூல். உறுப்புகளை மூன்று முறைக்கு மேல் கழுவுவது வெறுக்கத்தக்கது என்றும், உளூவுக்காக வக்ஃபு செய்யப்பட்ட நீரில் அவ்வாறு செய்வது ஹராம் என்றும் அது கூறுகிறது. பொது நீரில் பிறருக்கும் உரிமை உண்டு என்பதே இதன் காரணம்.

நம் ஊர்ப் பழைய பள்ளிவாசல்களின் ஹவுளில் உளூச் செய்தவர்கள் கையால் அள்ளிய நீரை மட்டுமே செலவிட்டனர். குழாய் வந்தபின் நாம் தலையைத் தடவும்போதும், சட்டைக் கையை மடிக்கும்போதும் நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அளவை நம் கையைவிட்டுப் போனது இவ்வாறுதான். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் தண்ணீர் லாரிக்காகக் குடங்களுடன் காத்து நின்றதைக் கண்டோம். வீட்டு நீர் நம் பணத்தில் வந்ததாயினும், அது ஊறும் நிலத்தடி அண்டைவீட்டாருக்கும் உரியது அன்றோ?

எனவே ஒரு சோதனை செய்து பாருங்கள். இன்று உளூச் செய்யும்போது குழாயின் கீழ் ஒரு வாளியை வைத்து, அதில் சேர்ந்த நீரை லிட்டர் குவளையால் அளந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நாளை அதே குவளையில் நீர் எடுத்து உளூச் செய்யுங்கள். முகம், கை, கால்களை மும்முறை கழுவியும் அது போதுமாவதை அவர்கள் கண்ணால் காண்பார்கள். அதன்பின் பாத்திரம் கழுவும் இடத்திலும் குளியலறையிலும் அளவு பார்க்கும் பழக்கம் தானே வரும்.

மதீனாவின் குடும்பங்கள் தம் பிள்ளைகளிடம் ஓர் அளவையை ஒப்படைத்தன. நம் பிள்ளைகளிடமும் அதை ஒப்படைக்கும் நற்பேற்றை அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.