காணொலிக் கூட்டக் கருவிகளில் அழைப்புச் சமிக்ஞையும் பாதுகாப்பு அமைப்பும்

காணொலிக் கூட்ட அறைகளில் உள்ள ஒரு கருவி மற்றொன்றை அழைக்கவும், ஏற்கவும், துண்டிக்கவும் பரிமாறிக்கொள்ளும் செய்திகள் அழைப்புச் சமிக்ஞை எனப்படும். படமும் ஒலியும் இதில் சேரா. அவை தனி வழியில் செல்லும். இதனால் கருவியின் அமைப்புப் பக்கத்தில் சமிக்ஞை நெறிமுறை, போர்ட், மறையாக்கம் ஆகியவற்றைத் தனித்தனியே தீர்மானிக்க வேண்டும்.

தோற்றம்

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1990இல் எச்.320 பரிந்துரையை ஏற்றது. இது ஐஎஸ்டிஎன் தொலைபேசி இணைப்புகளுக்கானது. வினாடிக்கு 64 கிலோபிட் கொண்ட தடங்கள் இரண்டோ பலவோ சேர்ந்து ஓர் அழைப்பைச் சுமந்தன. கியூ.931 முறையிலான அழைப்புச் செய்திகள் 'டி' தடம் எனும் தனித் தடத்தில் சென்றன. கணினி வலையமைப்புகள் பரவியபின் 1996இல் எச்.323 வந்தது. முதல் பதிப்பு உள்ளகப் பிணையங்களை மட்டுமே கருத்தில் கொண்டது. 1998ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு எல்லாப் பொட்டலப் பிணையங்களுக்கும் விரிந்தது. தொலைபேசித் துறையின் நீண்ட அனுபவத்தைத் தாங்கிய செம்மையான கட்டமைப்பு இது.

எச்.323 குடும்பம்

எச்.323 தனியொரு நெறிமுறை அன்று. பல பரிந்துரைகளின் தொகுப்பு. இதன் உறுப்புகள் நான்கு: பயனர் முனையம், பிற பிணையங்களோடு இணைக்கும் கேட்வே, முகவரி மாற்றமும் அனுமதியும் பார்க்கும் கேட்கீப்பர், பலரை ஒரே கூட்டத்தில் சேர்க்கும் எம்சியு.

சமிக்ஞை மூன்று அடுக்குகளில் நடக்கிறது.

1. பதிவு, அனுமதி, நிலை: முனையம் யுடிபி 1719 போர்ட் வழியாகக் கேட்கீப்பரிடம் தன் பெயரையும் எண்ணையும் பதிகிறது.

2. எச்.225.0 அழைப்புச் சமிக்ஞை: டிசிபி 1720 வழியாக நடக்கிறது. 'செட்டப்', 'அலர்ட்டிங்', 'கனெக்ட்' ஆகிய செய்திகள் கியூ.931இலிருந்து எடுக்கப்பட்டவை.

3. எச்.245: இரு முனைகளும் தம் கோடெக் திறன்களைச் சொல்லி, ஊடகத் தடங்களைத் திறக்கின்றன. இதற்கான போர்ட் அழைப்புக்கு அழைப்பு மாறும்.

மூன்றாம் அடுக்கே ஃபயர்வால்களுக்குத் தொல்லை. போர்ட் மாறுவதோடு, ஐபி முகவரி செய்தியின் உள்ளேயே எழுதப்படுவதால் முகவரி மாற்றும் ரூட்டர்களுக்குப் பின்னால் ஒலியோ படமோ நின்றுபோகும். 2005இல் ஏற்கப்பட்ட எச்.460.18, எச்.460.19 பரிந்துரைகள் இதைத் தீர்த்தன. இவற்றில் உள்ளிருக்கும் கருவியே வெளி நோக்கி இணைப்பைத் தொடங்கும்.

சிப்

இதே அழைப்புச் சமிக்ஞைப் பணிக்காக இணையப் பொறியியல் பணிக்குழு 1999இல் சிப் (SIP) நெறிமுறையை வெளியிட்டு, 2002இல் ஆர்எஃப்சி 3261 எனத் திருத்தியது. இது உரை வடிவச் செய்திகளைக் கொண்டது. வழக்கமான போர்ட் 5060. டிஎல்எஸ் காப்புடன் 5061. எளிமைக்காகப் புகழப்பட்டாலும், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபட்ட நீட்சிகளால் அந்த எளிமை தாளில்தான் நின்றது.

பாதுகாப்பு அமைப்பு

எச்.323க்கான காப்பு எச்.235 தொகுப்பில் வரையறுக்கப்பட்டது. தொடக்கத்தில் 56 பிட் டிஇஎஸ் மறையாக்கம். பின்னர் 128 பிட் ஏஇஎஸ். ஊடகச் சாவியைக் காக்க இரு கருவிகளும் டிஃபி-ஹெல்மன் முறையில் பொது ரகசியம் ஒன்றை உருவாக்கிக்கொள்கின்றன. இது நடுவில் புகுபவரைத் தானாகத் தடுக்காது. ஆகவே சில கருவிகள் திரையில் சரிபார்ப்பு எண்ணைக் காட்டும். இருபுறத்தாரும் அதை வாய்விட்டுப் படித்து ஒப்பிட வேண்டும்.

சிப் அழைப்புகளில் எஸ்ஆர்டிபி (2004) நெறிமுறை ஊடகத்தை மறையாக்குகிறது. சாவி சமிக்ஞைச் செய்தியோடு செல்லும் முறையில் டிஎல்எஸ்ஸை இயக்காவிட்டால் மறையாக்கம் வீண்.

மறையாக்க அமைப்பில் பொதுவாக மூன்று தெரிவுகள் உண்டு: 'இல்லை', 'இயன்றால்', 'கட்டாயம்'. 'இயன்றால்' என்பதில் எதிர்முனை ஒத்துழைக்காவிடில் அழைப்பு மறையாக்கமின்றியே நடக்கும். 'கட்டாயம்' என்பதில் அழைப்பே நடக்காது. நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவதும், தேவையற்ற டெல்நெட், எச்டிடிபி சேவைகளை நிறுத்துவதும், தானாக அழைப்பை ஏற்கும் வசதியை அணைப்பதும் அடிப்படைத் தேவைகள். தானேற்பு இயங்கினால், வெளியிலிருந்து அழைப்பவர் யாரும் அறியாமல் அறையைப் பார்க்கவும் கேட்கவும் கூடும். ரேப்பிட்7 நிறுவனத்தின் எச். டி. மூர் 2012இல் இவ்வாறு திறந்து கிடந்த கூட்ட அறைகளை இணையத்தில் கண்டறிந்து வெளிப்படுத்தினார்.

இன்றைய நிலை

தற்போது பெரும்பாலான கூட்டங்கள் மேகச் சேவைகளிலும், உலாவியில் இயங்கும் வெப்ஆர்டிசி வழியிலும் நடைபெறுகின்றன.