கண்டி அரசெதிர்ப்பின் மூன்று பருவங்களும் வேலூர்ச் சிறைவாசமும் (1815–1848)

பாலாற்றின் கரையில், வேலூருக்கு அருகே, கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனின் கல்லறை உள்ளது. 1815இல் அரியணை இழந்த அவன் அடுத்த ஆண்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832 ஜனவரி 30இல் இறக்கும்வரை அங்கேயே சிறைக்காவலில் இருந்தான். அவனுடைய வீழ்ச்சி பெரும்பாலும் அந்நிய வம்சத்துக்கு எதிராகச் சிங்களப் பிரபுக்கள் நடத்திய எழுச்சியாகவே விளக்கப்பட்டுவருகிறது. அந்த எழுச்சி அடுத்த முப்பத்து மூன்று ஆண்டுகளில் எவ்வாறு உருமாறியது என்பதைத் தொடர்ந்து நோக்கினால் இவ்விளக்கம் நிலைக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். 1815இல் பிரபுக்கள் எதிர்த்தது ஒரு மன்னனைத்தானே தவிர மன்னர் என்னும் பதவியை அன்று. அப்பதவியே கைநழுவிப் போனதை உணர்ந்ததும் அதே எதிர்ப்பு திசை திரும்பி மன்னன் ஒருவனைத் தேடத் தொடங்கியது.

கண்டி மன்னன் நரேந்திரசிங்கன் 1739இல் வாரிசின்றி இறந்தபோது, மதுரையிலிருந்து வந்த அவனுடைய பட்டத்தரசியின் உடன்பிறந்தான் அரியணை ஏறியதால் கண்டியில் நாயக்கர் ஆட்சி தொடங்கியது. இவ்வம்சத்தின் மீது அதிருப்தி இருந்தது உண்மை. எனினும் 1760இல் நாயக்க மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனைக் கொல்லச் சதி செய்தவர்கள் அவனுக்குப் பதிலாக அமர்த்த எண்ணியது சயாம் நாட்டு இளவரசன் ஒருவனை என்பது கருதத்தக்கது. அந்நியன் என்பதே குற்றமாயிருந்திருந்தால், அவனினும் தொலைவிலிருந்து வந்த அந்நியனை அவர்கள் நாடியிருக்கமாட்டார்கள். 1803இல் கண்டியைக் கைப்பற்ற முனைந்த ஆங்கிலேயரும் நாயக்க உறவினனான முத்துசாமியையே மன்னனாக்கப் பார்த்தனர். யார் ஆள்வது என்பதில் பூசல் இருந்தது. அரசன் வேண்டுமா என்னும் கேள்வியை எவரும் எழுப்பவில்லை.

கண்ணுசாமி என்னும் இயற்பெயர் கொண்ட ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனை 1798இல் அரியணையில் ஏற்றியவர், முதலமைச்சருக்கு நிகரான மகா அதிகாரம் பதவியை வகித்த பிலிமத்தலாவை. தாம் ஏற்றிய இளைஞன் தம் சொற்படி நடவாததால் அவர் சதியில் இறங்கி, பின்னர் மரண தண்டனைக்கு உள்ளானார். அவருக்குப் பின் வந்த எகலப்பொல 1814இல் சபரகமுவையில் கிளர்ச்சி செய்து தோற்று ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தபோது, கண்டியில் சிக்கிய அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். அக்கொடுமையை எந்தக் காரணம் காட்டியும் தணித்துக் கூற இயலாது. நிலத்தை அனுபவிப்பவர் அரசனுக்குச் செய்ய வேண்டிய கட்டாய ஊழியமான ராஜகாரியத்தைப் பெருமளவில் சுமத்திக் கண்டி ஏரியை வெட்டுவித்ததும் குடிகளின் மனத்தை மன்னனிடமிருந்து விலக்கியது. இவ்வளவும் ஒரு கொடுங்கோலன் மீது எழுந்த வெறுப்பாகும்.

1815 பிப்ரவரியில் கண்டி வீழ்ந்து மன்னன் பிடிபட்டபின், மார்ச் 2இல் அரண்மனை மண்டபத்தில் ஆளுநர் பிரவுன்றிக்கும் பிரபுக்களும் செய்துகொண்ட உடன்படிக்கை, ‘மலபார்’ வம்சத்தின் அரசுரிமையை ஒழித்து, மன்னனின் ஆண் உறவினர் கண்டிப் பகுதிக்குள் நுழைவதைத் தடுத்து, ஆட்சியைப் பிரிட்டிஷ் முடியிடம் ஒப்படைத்தது. மலபார் என்பது அக்கால ஐரோப்பியர் தமிழரைக் குறிக்க வழங்கிய சொல். பௌத்தம் காக்கப்படும் என்னும் உறுதிமொழியும் அதில் இடம்பெற்றது. பிரபுக்கள் இதை ஓர் அரசனிடமிருந்து மற்றோர் அரசனுக்கு விசுவாசத்தை மாற்றும் செயலாகவே எண்ணியிருத்தல் வேண்டும். ஆனால் புதிய அரசன் கடல்கடந்து இருந்தான். புத்தரின் புனிதத் தந்தத்தை முன்னின்று பேணவும், பெரஹரா ஊர்வலத்தில் தோன்றவும், பிரபுக்களுக்கு நேரில் பட்டமும் பதவியும் வழங்கவும் அவன் வரப்போவதில்லை. அரியணையை எதிர்பார்த்திருந்த எகலப்பொலவுக்கும் அது கிட்டவில்லை.

இரண்டரை ஆண்டுக்குள் இதன் விளைவு வெளிப்பட்டது. 1817இல் ஊவா, வெல்லசப் பகுதிகளில் எழுந்த கிளர்ச்சியின் தலைவனாக நின்ற வில்பாவே, பிக்குக் கோலத்தைக் களைந்தவன். தன்னை நாயக்க அரச குடும்பத்துத் துரைசாமி என்று அறிவித்துக்கொண்டான். போலி உரிமையாளன் ஒருவன் எந்தப் பெயரைப் பூணுகிறான் என்பது மக்கள் எதை நம்பத் தயாராக இருந்தனர் என்பதற்குச் சான்றாகும். எந்த வம்சத்தின் உரிமை ஒழிந்ததாகப் பிரபுக்கள் கையெழுத்திட்டனரோ, அதே வம்சத்தின் பெயரால்தான் மலைநாடு ஆயுதம் ஏந்தியது. உடன்படிக்கையில் ஒப்பமிட்டவரும், எகலப்பொலவின் கொல்லப்பட்ட மனைவி குமாரிஹாமியின் உடன்பிறந்தவருமான கெப்பெட்டிப்பொல, கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டு அதனோடு சேர்ந்துகொண்டார். தன் சகோதரியின் குடும்பத்தை அழித்த மன்னனின் குலத்தைச் சேர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டவனுக்காக அவர் போரிட்டதை இனப்பகை கொண்டு விளக்க முடியாது; அரசப் பதவி இன்றியமையாதது என்னும் நம்பிக்கையே அதை விளக்கும். 1818 நவம்பர் 26இல் அவர் கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான மடுகல்லையுடன் கொல்லப்பட்டார்; எகலப்பொல மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டு அங்கேயே இறந்தார்.

வேலூரைக் கண்டி மன்னனின் சிறையாகத் தேர்ந்தவர்கள், அரச குடும்பத்தின் பெயரால் கிளர்ச்சி எழும் இந்த ஆபத்தை முன்பே அறிந்திருந்தனர். அதே கோட்டையில் 1806 ஜூலை 10இல், தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை முதலான உடைவிதிகளால் கொதித்தெழுந்த சிப்பாய்கள், சில மணி நேரத்துக்குள் மைசூரின் புலிக்கொடியை ஏற்றி, அங்கே வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் மகன் ஃபத்தே ஹைதரை அரசனாக அறிவித்தனர். ஆர்க்காட்டிலிருந்து வந்த ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்றே அதை முறியடித்தது. திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அகற்றப்பட்டது. தலைப்பாகையில் தொடங்கிய குறை அரியணையில் போய் நின்ற வேகம், எதிர்ப்புக்கு அக்காலத்தில் கைக்கெட்டிய வடிவம் மன்னராட்சி ஒன்றே என்பதைக் காட்டுகிறது. 1792இல் முடியை ஒழித்த பிரான்சும் 1804இல் பேரரசன் ஒருவனை ஏற்றுக்கொண்டது. ஆயினும் அங்கே குடியரசு என்னும் மாற்று ஒருமுறை ஆண்டு பார்க்கப்பட்டிருந்தது. கண்டிக்கோ வேலூருக்கோ அது வாய்க்கவில்லை.

கண்டி எதிர்ப்பின் மூன்றாம் பருவத்தில் மாறியது அரசன் தேவை என்னும் எண்ணமன்று, அரசனைத் தேர்ந்தவர்களின் வர்க்கம். ஆளுநர் டாரிங்டனின் துப்பாக்கி வரி, நாய் வரி, சாலைப்பணிக் கட்டாயம் ஆகியவற்றுக்கு எதிராக மாத்தளையில் மூண்ட 1848 எழுச்சியில் பெருங்குடிப் பிரபுக்கள் முன்னணியில் இல்லை. ஜூலை 26இல் தம்புள்ளை விகாரையில் முடிசூட்டப்பட்டவன் கொங்காலேகொட பண்டா என்னும் எளிய குடியினன். அவனுடன் நின்ற புரன் அப்பு ஆகஸ்ட் 8இல் சுட்டுக் கொல்லப்பட்டான். பாலாற்றங்கரையில் அடக்கம் செய்யப்பட்ட மன்னன் இறந்து அப்போது பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.