தபால்தலை இல்லாத கடிதம்

பெங்களூர் பீன்யாவில் மெட்ரோ ஏறினால் அடுத்தது பீன்யா இண்டஸ்ட்ரி, அதற்கடுத்தது ஜாலஹள்ளி. லேத் பட்டறைக்கும் பவுடர் கோட்டிங் கடைக்கும் போகிற கூட்டத்தில் தமிழ் தாராளமாகக் காதில் விழும். இந்தத் தொழிற்பேட்டை வந்தது 1970களில்தான். ஜாலஹள்ளியில் எச்.எம்.டி.யும் பி.இ.எல்.லும் காலூன்றியது 1950களில். அதற்கும் முன்னால் ஜாலஹள்ளி பட்டாளத்து இடம். ராணுவ ஆஸ்பத்திரி, நீளநீளமான கொட்டகைகள், முள்வேலி. வேலிக்குள் இருந்தவர்கள் இத்தாலியச் சிப்பாய்கள்.

இரண்டாம் உலகப் போரில், 1940 டிசம்பரில் தொடங்கி இரண்டே மாதத்தில் வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படைகளிடம் பிடிபட்ட இத்தாலியர் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்தப் படைகளில் இந்திய டிவிஷனும் இருந்தது. கைதிகளில் பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றி பெங்களூர், போபால், டேராடூன், இமயமலை அடிவாரத்து யோல் என்று பங்கிட்டு அடைத்தார்கள்.

ஜாலஹள்ளியிலிருந்து ஒரு கடிதம் எப்படி இத்தாலிக்குப் போனது? 1929ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படி, முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் கைதி வீட்டுக்கு ஓர் அட்டை எழுதலாம்: பிடிபட்டேன், உடம்பு இன்னபடி இருக்கிறது. பிறகு கணக்காகச் சில கடிதங்கள். தபால்தலை ஒட்டத் தேவையில்லை. கைதியின் தபாலுக்கு எந்த நாடும் காசு வாங்கக் கூடாது. தலை இருக்க வேண்டிய இடத்தில் 'போர்க்கைதி தபால்' என்ற அச்சு, கீழே விலாசம், பின்புறம் பெயர், எண், முகாம். அதன்மேல் தணிக்கை அதிகாரியின் ரப்பர் முத்திரை. முகாமைப் பற்றியோ பட்டாள நடமாட்டத்தைப் பற்றியோ எழுதினால் கறுப்பு மை விழும். ஆகவே மிஞ்சியது உடம்பு, வானிலை, அம்மா எப்படி இருக்கிறாள் என்பதுதான். உலகத்துச் சிப்பாய்க் கடிதங்களெல்லாம் ஒரே ஆள் எழுதியது மாதிரி இருப்பதற்குப் பாதிக் காரணம் தணிக்கை என்பது என் எண்ணம்.

மத்தியதரைக் கடல் வழி அப்போது போர்க்களம். கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றின. இத்தாலி எதிரி நாடு, ஆகவே நேரடித் தபாலும் கிடையாது. லிஸ்பன், ஜெனீவா என்று நடுநிலை ஊர்கள் வழியாகச் செஞ்சிலுவைச் சங்கம் கைமாற்றிவிட வேண்டும். போய்ச் சேர மாதக்கணக்கு, பதிலுக்கு இன்னொரு மாதக்கணக்கு. இடையில் பிள்ளை பிறந்திருக்கும், பாட்டி போயிருப்பாள்.

இன்னொரு வழி பெங்களூரிலேயே இருந்தது. இந்தியாவுக்கான போப்பாண்டவரின் பிரதிநிதி அந்நாளில் டெல்லியில் அல்ல, இங்கேதான் குடியிருந்தார். பெயர் லியோ கீர்கெல்ஸ், டச்சுக்காரர். அந்தந்த நாட்டுப் பிரதிநிதிகள் திரட்டி அனுப்பிய கைதிகளின் பெயர்களையும் சேதிகளையும் வத்திக்கான் வானொலி வாசித்தது. காகிதம் போகாத இடத்துக்குப் பெயராவது போனது.

1943 செப்டம்பர் 8 அன்று இத்தாலி சரணடைந்த சேதி வெளியானது. ஜாலஹள்ளிக் கதவு திறக்கவில்லை. தெற்கு இத்தாலி நேச நாடுகளிடம், வடக்கு ஜெர்மானியரிடம். நேப்பிள்ஸ்காரன் வீட்டுக்குத் தபால் போகும்போது மிலான்காரன் காத்துக்கிடந்தான். 1945 மே 2இல் இத்தாலியில் சண்டை ஓய்ந்தது. அப்போதும் கப்பல் இல்லை. வென்றவர்களின் சிப்பாய்களுக்குத்தான் முதல் இடம். பலர் ஊர் போய்ச் சேர்ந்தது 1946இல். போர்க்கடிதங்களிலேயே கொடுமையானவை போர் முடிந்தபின் எழுதியவைதான். அதுவரை தாமதத்துக்கு எதிரியைச் சொல்லலாம். இப்போது 'எப்போ வருவே' என்று வீட்டில் கேட்டால் யாரைக் காட்டுவது?

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதே ஆண்டுகளில் பெங்களூர் அல்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை இத்தாலியில் பாலம் கட்டிக்கொண்டும் கண்ணிவெடி அகற்றிக்கொண்டும் இருந்தது. அதில் தமிழர் ஏராளம். பெங்களூரிலிருந்து இத்தாலிக்கு இத்தாலியன் எழுத, இத்தாலியிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு நம்மவர் எழுதினார்கள். எழுதத் தெரியாதவருக்குக் கூட்டாளி எழுதிக்கொடுத்தார். ஊரில் தபால்காரரோ வாத்தியாரோ படித்துச் சொன்னார். நடுவில் தமிழ் தெரிந்த தணிக்கைக்காரரும் படித்தார். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியது இத்தனை கண்ணைத் தாண்டித்தான் வீடு வந்தது. உறையில் அனுப்பிய ஊரின் பெயர் இருக்காது. ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் எண்ணும் தேதியும் மட்டும். திரும்பி வராதவர்களும் இருந்தார்கள். இத்தாலியின் சாங்ரோ ஆற்றுப் போர்க்கல்லறையில், தகனம் செய்யப்பட்ட இந்திய வீரர்களுக்கென்றே தனி நினைவிடம் உண்டு.

தாத்தாவின் பட்டாளத்துக் கடிதம் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தால் உள்தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு உறையைப் போட்டுவிடாதீர்கள். அவர் எங்கே நின்று எழுதினார் என்று கண்டுபிடிக்க உறையில் உள்ள அந்த ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் எண் கைகொடுக்கும். பழைய பேப்பர்காரரிடம் எடை போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.