மலைச்சாலையும் மண்ணின் பக்குவமும்

ஜவ்வாது மலையில், கடல் மட்டத்துக்குமேல் சுமார் 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரை உலகம் அறிந்தது, 1968இல் வானியலறிஞர் வைணு பாப்பு அங்கே ஒரு 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் தொடங்கிவைத்த வான ஆராய்ச்சியினால்தான். 1972இல் ஜெர்மனியிலிருந்து வந்த 1 மீட்டர் தொலைநோக்கியும், பெங்களூரில் தேய்த்து மெருகிடப்பட்டு 1986 ஜனவரியில் தேசத்துக்கு அர்ப்பணமான 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடியும் அந்த மலைக்கு ஏறிச் சென்ற வரலாற்றை வியக்கிறவர்கள், அத்தனை பாரத்தையும் தாங்கவேண்டிய மலைச்சாலையின் அடிமண்ணைப் பற்றி நினைப்பதில்லை.

மலைச்சாலை பாதி வெட்டு, பாதி நிரவல். சரிவின் மேற்புறத்தை வெட்டி, அந்த மண்ணையே கீழ்ப்புறத்தில் கொட்டிப் பரப்புகிறார்கள். யுகயுகமாக இறுகிக் கிடந்த மண் ஒரு பாதியிலும், நேற்றுக் கொட்டிய மண் மறு பாதியிலும் இருப்பதால், நிரவிய பாதியைத் தக்கபடி கெட்டிப்படுத்தாவிடில் அது தனியே அமிழ்ந்து, சாலையின் நெடுக ஒரு வெடிப்பு ஓடிவிடும்.

மண்ணைக் கெட்டிப்படுத்தும் இந்த வித்தை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஏரிக்கரை போட்டவர்கள் மண்ணை அடுக்கடுக்காகப் பரப்பி, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து, ஆடு மாடுகளை மிதிக்கவிட்டுக் கரையை உயர்த்தினார்கள். கைப்பிடி மண்ணைப் பிசைந்து பார்த்தே ஈரத்தின் பக்குவத்தை அறிந்தார்கள்.

அந்த அநுபவத்துக்கு அளவுகோல் கொடுத்தவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர நீர்வழங்கல் துறையின் பொறியாளர் ப்ராக்டர். மண் அணைகளுக்காக 1933இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியின் சாரம் இதுதான்: உலர்ந்த மண்ணின் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து நெருங்க மறுக்கின்றன, ஈரம் சேரச்சேர வழுக்கி நெருங்குகின்றன, ஈரம் மிஞ்சினாலோ துகள்களுக்குரிய இடத்தை நீரே கவர்ந்துகொள்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே, மண் மிக அதிகமாக இறுகும் ஈர அளவு ஒன்று உண்டு. 5½ ராத்தல் சம்மட்டியை 1 அடி உயரத்திலிருந்து விழவிட்டு, மூன்று அடுக்குகளாக இட்ட மண்ணை அடுக்குக்கு 25 முறை இடித்துப் பார்க்கும் பரீக்ஷையாக அது நிலைபெற்று, அணையிலிருந்து சாலைக்கும் வந்து சேர்ந்தது.

இந்தியச் சாலை வளர்ச்சியை ஆராய்ந்த ஜெயகர் குழுவின் சிபாரிசுகளை ஒட்டி 1934இல் இந்திய சாலைக் காங்கிரஸும், 1952இல் டில்லியில் மத்திய சாலை ஆராய்ச்சி நிலையமும் தோன்றியபின், ப்ராக்டரின் இந்த முறை நம் நாட்டிலும் வேரூன்றியது. இடிப்பதால் மட்டும் திருந்தாத களிமண்ணுக்குச் சுண்ணாம்பு கலந்தார்கள். நனைந்தால் பருத்தும் உலர்ந்தால் வெடித்தும் தொல்லை தரும் மண், அச்சேர்க்கையால் அந்தச் சுபாவம் தணிந்து ஸ்திரம் பெறுகிறது. மணற்பாங்கான மண்ணுக்குச் சிமெண்டு ஏற்றது.

எனினும், மண்ணை இறுகச் செய்ய உதவிய அதே நீர், வேலை முடிந்த மறுநாளே சாலைக்குச் சத்துரு ஆகிவிடுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவங்களிலும் மழை காணும் ஜவ்வாதில், மேற்சரிவிலிருந்து இறங்கும் வெள்ளம் அடிமண்ணுக்குள் ஊறிவிட்டால், சோதனைக்கூடத்தில் தேறிய மண்ணும் தளர்ந்துபோகும். ஆகையால், மலையில் மண்ணைக் கெட்டிப்படுத்தும் வேலை உருளையோடு முடிவதில்லை. ஓர வாய்க்காலை ஆண்டுதோறும் தூர் வாரி, பாலங்களின் கண்களை அடைப்பின்றி வைத்திருப்பதும் அவ்வேலையின் ஓர் அங்கமே.